அமைலாய்டு மருந்துகள்: 0.45 புள்ளியை வைத்து என்ன செய்வது?

ஆற்றுமணல்:
மூளையில் படியும் அமைலாய்டு என்ற புரதத்தை அகற்றி அல்சைமரின் போக்கையே மாற்றும் மருந்துகள் என்று லெகானெமாபையும் டோனனெமாபையும் கொண்டாடுகிறவர்களிடம் ஒரு கேள்வி. ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையைப் பார்த்தீர்களா, செய்தியின் தலைப்போடு நிறுத்திக்கொண்டீர்களா?

லெகானெமாபின் மூன்றாம் கட்ட ஆய்வில் 1,795 பேர் சேர்க்கப்பட்டார்கள். எல்லோரும் நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்கள். ஒரு பாதிக்கு மருந்து, மறு பாதிக்கு மருந்துப்போலி, 18 மாதம். அளக்கப் பயன்பட்டது சி.டி.ஆர். அளவுகோல். நினைவு, இடமும் காலமும் அறிதல், தீர்மானிக்கும் திறன், வெளியுலகத் தொடர்பு, வீட்டு வேலை, தன்னைத் தானே கவனித்துக்கொள்ளுதல் என்று ஆறு கூறுகள்; கூறுக்கு 3 வீதம் மொத்தம் 18 புள்ளி; புள்ளி கூடினால் நிலைமை மோசம். மருந்து பெற்றவர்களுக்குச் சராசரியாக 1.21 கூடியது. பெறாதவர்களுக்கு 1.66. வித்தியாசம் 0.45.

அந்த அளவுகோலில் ஒரு கூறு நகரக்கூடிய மிகச் சிறிய அடியே 0.5. அதையும் எட்டாத வித்தியாசத்தைத்தான் "27 சதவீதம் மெதுவாகியது" என்று எழுதினார்கள். நோயாளியின் வீட்டில் இருப்பவருக்குப் புலப்படுகிற மாற்றம் என்றால் குறைந்தது 1 புள்ளியாவது வேண்டும் என்று முன்பே கணக்கிட்டிருக்கிறார்கள். இதற்குக் கொடுத்த விலை: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாய் வழியே மருந்து, அடிக்கடி எம்.ஆர்.ஐ., எட்டுப் பேரில் ஒருவருக்கு மூளையில் நீர்கோத்த வீக்கம். இதை வெற்றி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

நரம்புமுடிச்சு:
ஆற்றுமணல் கொடுத்த எண்கள் எல்லாம் சரி. அவற்றிலிருந்து அவர் போய்ச் சேர்ந்த இடம்தான் சரியில்லை.

அமைலாய்டு படிவதே அல்சைமரின் மூலகாரணம் என்ற கருதுகோளை 1992இல் ஹார்டி, ஹிக்கின்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் முன்வைத்தார்கள். அதன் பிறகு முப்பது ஆண்டுகள் இந்தத் துறை தோல்வியையே தின்று வளர்ந்தது. 2002இல் அமைலாய்டுத் தடுப்பூசி ஆய்வில் சிலருக்கு மூளை அழற்சி வந்து பாதியில் நிறுத்தினார்கள். 2010இல் செமகாசெஸ்டாட் என்ற மருந்து நோயாளிகளின் நிலையை இன்னும் மோசமாக்கியது. பாபினியூசுமாப், சோலனேசுமாப், வெருபெசெஸ்டாட், கான்டனெருமாப் எல்லாம் வரிசையாக விழுந்தன. முதன்முறையாக ஒரு பெரிய ஆய்வில் முதன்மை அளவீடும், துணை அளவீடுகளும், அல்சைமரோடு தொடர்புள்ள டௌ என்ற இன்னொரு புரதத்தின் ரத்த அளவும் ஒரே திசையில் நகர்ந்திருக்கின்றன. அடுத்த ஆண்டே வேறொரு நிறுவனம், வேறொரு மருந்து, 1,736 பேர். டோனனெமாபும் அதே திசையில் நகர்ந்தது. தற்செயல் இரண்டு முறை ஒரே பக்கம் விழாது.

18 மாதத்தில் 27 சதவீதம் என்றால் ஏறக்குறைய 5 மாதத் தாமதம். தொடக்க நிலையில் இருக்கும் ஒருவருக்கு அந்த 5 மாதம் என்பது தானே கையெழுத்துப் போடுவது, தனியாக வெளியே போய்த் திரும்புவது, பேரக்குழந்தையின் பெயர் நினைவில் இருப்பது. நோயின் கடைசிக் கட்டத்து 5 மாதத்தோடு அதைச் சேர்த்து எடை போடாதீர்கள்.

பழையசுவடி:
இந்தக் கருதுகோளே மோசடியில் எழுந்தது என்று நிரூபணமாகிவிட்டதே? 2006இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார்களே. இன்னும் எதற்கு விவாதம்?

நரம்புமுடிச்சு:
பழையசுவடி ஐயா, அமைலாய்டைப் பற்றிப் பேச்செடுத்த இடத்தில் எல்லாம் இது வந்துவிடுகிறது. ஒருமுறை விரிவாகச் சொல்லி முடிக்கிறேன்.

சில்வான் லெஸ்னே குழுவின் அந்தக் கட்டுரை, அமைலாய்டின் ஒரு குறிப்பிட்ட கரையும் வடிவத்தைப் பற்றியது. எலிகளின் நினைவிழப்புக்கு அதுவே காரணம் என்றது. அதன் படங்கள் திருத்தப்பட்டிருப்பதை நரம்பியல் வல்லுநர் மேத்யூ ஷ்ராக் எடுத்துக் காட்டினார். 2022இல் சயின்ஸ் இதழ் அதை வெளிக்கொண்டு வந்தது. 2024இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. வெட்கக்கேடு, மறுக்கவில்லை. ஆனால் கருதுகோள் அதற்கு 14 ஆண்டு மூத்தது. அது நிற்பது மரபணுச் சான்றின் மேல். அமைலாய்டின் மூலப்புரதத்தை உருவாக்கும் மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்கு அந்தக் குரோமோசோம் மூன்று. அவர்களில் பெரும்பாலோருக்கு நடுவயதுக்குள் அல்சைமர் மாற்றங்கள் மூளையில் வந்துவிடுகின்றன. அதே மரபணுவில் அமைலாய்டு உற்பத்தியைக் குறைக்கும் ஒரு மாற்றத்தை ஐஸ்லாந்தில் 2012இல் கண்டுபிடித்தார்கள். அது உள்ளவர்களுக்கு நோய் வருவது அரிது. கூட்டினால் நோய், குறைத்தால் காப்பு. எந்தப் படத்தைத் திருத்தி இதைப் பொய்யாக்குவது?

ஆற்றுமணல்:
மோசடி வாதம் என்னுடையதன்று, அதை என் கணக்கில் சேர்க்க வேண்டாம். மரபணுச் சான்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நண்பர் பாதிக் கதையைத்தான் சொன்னார். மறு பாதி கொலம்பியாவில் இருக்கிறது.

அங்கே ஒரு பெரிய குடும்பத் தொகுதிக்கு நாற்பதுகளிலேயே அல்சைமரைக் கொண்டுவரும் மரபணு மாற்றம் உண்டு. நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ்கோ லொபேரா தம் வாழ்நாள் முழுவதும் அவர்களை ஆராய்ந்தார். அதே மாற்றத்தைச் சுமந்த ஒரு பெண்மணி எழுபது வயது வரை தெளிவாக இருந்ததை அவருடைய குழு 2019இல் வெளியிட்டது. மூளையில் அமைலாய்டு மிக அதிகம். டௌ மட்டும் குறைவு. அல்சைமர் ஆபத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் ஏ.பி.ஓ.ஈ. மரபணுவில் அவருக்கு இருந்த அரிய மாற்றம் ஒன்று காத்தது என்பது அவர்கள் கருத்து. அப்படியானால் அமைலாய்டு நிறைந்த மூளையோடும் நன்றாக வாழ முடிகிறது. அமைலாய்டு தொடக்கத்தில் எதையோ தூண்டிவிட்டிருக்கலாம்; நினைவை அழிப்பது அதற்குப் பின்னால் வருவது. தூண்டியதைப் பிறகு அகற்றினால் பின்னால் வந்தது நின்றுவிடுமா? 0.45 என்ற எண் அதற்குத்தான் பதில் சொல்கிறது. இந்த மருந்துகள் அமைலாய்டைப் பெருமளவு துடைத்தெடுக்கின்றன, ஸ்கேனில் பளிச்சென்று தெரிகிறது. நோயோ நடந்துகொண்டே இருக்கிறது.

இடைவெளி:
நான் புள்ளியியல் பக்கம். இருவரும் ஒரே பிழையை இரு திசையில் செய்கிறீர்கள் என்பதால் உள்ளே வருகிறேன்.

ஆற்றுமணல், "குறைந்தது 1 புள்ளி" என்ற வரம்பு ஒரு தனி மனிதர் காலப்போக்கில் எவ்வளவு மாறினால் மருத்துவருக்கு அது மாற்றமாகத் தெரிகிறது என்பதற்காக எடுக்கப்பட்டது. இரண்டு குழுக்களின் சராசரிக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை அதால் அளக்கக் கூடாது. மருந்துப்போலி பெற்றவர்களே 18 மாதத்தில் 1.66தான் சரிந்தார்கள். நீங்கள் கேட்கும் 1 புள்ளியைக் காட்ட வேண்டுமானால் மருந்து அந்தச் சரிவில் அறுபது சதவீதத்தைத் தடுத்திருக்க வேண்டும். நோய் மெதுவாக நகரும் கட்டத்தில், குறுகிய காலத்தில், எந்த மருந்துக்கும் எட்டாத கோடு அது. 0.45 என்பது எல்லோருக்கும் 0.45 என்று பொருள்படாது. சிலர் ஒரு முழு அடி விழாமல் தப்பியிருப்பார்கள், பலருக்கு ஒன்றுமே நடந்திருக்காது.

நரம்புமுடிச்சு, உங்கள் "5 மாதத் தாமதம்" அதே வித்தியாசத்தைக் கால அலகில் எழுதியது, அவ்வளவே. புதிய தகவல் எதுவும் அதில் இல்லை. 18 மாதத்துக்குப் பிறகு அந்த இடைவெளி விரியுமா, அப்படியே நிற்குமா, மூடிக்கொள்ளுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விரிந்தால் நோயின் போக்கு மாறியது. நின்றால் ஒரே ஒருமுறை கிடைத்த சலுகை.

நரம்புமுடிச்சு:
விரிகிறது. ஆய்வு முடிந்த பிறகும் மருந்தைத் தொடர்ந்தவர்களை மூன்று ஆண்டு கழித்துப் பார்த்ததில் வித்தியாசம் ஏறக்குறைய 0.95 என்று வந்தது.

இடைவெளி:
யாரோடு ஒப்பிட்டு? மருந்துப்போலிக் குழுவினர் 18 மாதத்திலேயே மருந்துக்கு மாறிவிட்டார்கள். அந்த 0.95க்கு வேறொரு நெடுங்கால ஆய்விலிருந்து ஒத்தவர்களைத் தேடி எடுத்து எதிரே நிறுத்தினார்கள். மூன்று ஆண்டுகள் விடாமல் மருந்துக்கு வந்து போகிறவர், இயல்பாகவே மெதுவாகச் சரிகிறவராக இருப்பார். சரிவு வேகமானவர் இடையில் விலகிவிடுவார். சீட்டுக் குலுக்காமல் சேர்த்த ஒப்பீட்டுக் குழு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இந்தக் கேள்வியைத் தீர்க்காது.

ஆற்றுமணல்:
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூளை வீக்கம் வந்தவருக்கும் அவருடைய மருத்துவருக்கும் தாங்கள் பெறுவது மருந்துதான் என்று ஊகிப்பது எளிது. சி.டி.ஆர். என்பது நோயாளியிடமும் வீட்டாரிடமும் பேசி இடும் மதிப்பெண். நம்பிக்கை அதில் கசியாதா?

இடைவெளி:
நியாயமான ஐயம். வீக்கம் வந்தவர்களுடைய பிந்தைய மதிப்பெண்களை விலக்கிவிட்டுக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. இந்த ஒரு வாதத்தை நான் உங்கள் பக்கம் எண்ண மாட்டேன்.

முற்றத்துவெயில்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். என் கணவருக்கு அல்சைமர், தொடக்க நிலை. லெகானெமாப் பற்றி நாங்களே கேட்டுத்தான் போனோம். முதல் மருத்துவமனையில் "27 சதவீதம்" என்ற எண்ணைத் தவிர எதுவும் சொல்லவில்லை. நினைவில் 27 சதவீதம் திரும்பி வரும் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். யாரும் திருத்தவில்லை. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர்தான் மரபணுச் சோதனை செய்யச் சொன்னார். ஏ.பி.ஓ.ஈ. 4 வகை, இரண்டு பிரதி. அந்த வகையினரில் மூன்றில் ஒருவருக்கு வீக்கம் வந்ததையும், அவர்களுக்குத் தனியாகக் கணக்கிட்டால் பயன் தென்படவே இல்லை என்பதையும் அவர் காகிதத்தில் எழுதிக் காட்டினார். வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

அதனால் நான் ஆற்றுமணலின் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 0.45 கண்ணுக்குத் தெரியாது என்று ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டு சொல்வது எளிது. ஆறு கூறுகளில் ஒன்றில் அரைப் புள்ளி நகர்ந்தால் வீட்டில் என்ன மாறுகிறது என்பதைப் பார்த்தவள் நான். அவர் வங்கிக் கணக்கைத் தாமே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நான் பார்க்கிறேன். அந்த அரைப் புள்ளி ஐந்து மாதம் தள்ளிப் போகும் என்று, ஆபத்து குறைவான மரபணு உள்ள ஒருவரிடம் சொன்னால், அவர் வாங்கிக்கொள்வார். வாங்கிக்கொள்ளட்டும். அது அவருடைய மூளை.

ஆற்றுமணல்:
அம்மா, நீங்கள் சொன்ன முதல் மருத்துவமனைதான் என் கோபத்தின் முகவரி. முழு எண்ணையும் கேட்டுவிட்டு ஒருவர் வாங்கிக்கொண்டால் எனக்கு மறுப்பில்லை. அப்படிக் கேட்கிறவர்கள் எத்தனை பேர்?

நரம்புமுடிச்சு:
அதை ஒழுங்குமுறை அமைப்புகள் பார்த்துக்கொள்கின்றன. ஐரோப்பிய மருந்து முகமை 2024 ஜூலையில் லெகானெமாபை மறுத்தது. அதே ஆண்டு நவம்பரில், ஏ.பி.ஓ.ஈ. 4 இரண்டு பிரதி உள்ளவர்களைத் தவிர்த்துவிட்டு மற்றவர்களுக்கு ஏற்றது. அம்மா சொன்ன அதே பிரிவினை.

ஆற்றுமணல்:
ஒழுங்குமுறை அமைப்புகளா? இதே வகையில் முன்பு வந்த அடுகானுமாப் மருந்தின் கதையை மறந்துவிட்டீர்களா? 2019 மார்ச்சில் பயனில்லை என்று ஆய்வை நிறுத்தினார்கள். அக்டோபரில் கணக்கைத் திரும்பப் போட்டு, இரண்டில் ஓர் ஆய்வில் பயன் இருக்கிறது என்றார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2020 நவம்பரில் ஏறக்குறைய ஒருமித்து எதிர்த்தது. 2021 ஜூனில் நிர்வாகம் ஒப்புதல் தந்தது. அமைலாய்டு குறைகிறது, ஆகவே பயன் வரக்கூடும் என்பதுதான் காரணம். குழுவில் மூவர் பதவி விலகினார்கள். 2024இல் நிறுவனமே அந்த மருந்தைக் கைவிட்டது. ஸ்கேனில் தெரிகிற மாற்றத்தை வாழ்க்கையில் தெரிகிற மாற்றத்துக்குப் பதிலாக வைத்தால் இதுதான் நடக்கும்.

ஆபத்தைப் பற்றியும் நாம் மேலோட்டமாகவே பேசுகிறோம். அமைலாய்டு மூளைத் திசுவில் மட்டும் படிவதில்லை, ரத்தக்குழாய்களின் சுவரிலும் படிகிறது. மருந்து அதைப் பிய்த்தெடுக்கும்போது சுவர் பலவீனமாகிறது. நீர் கசிகிறது, சில இடங்களில் ரத்தம் கசிகிறது. லெகானெமாப் பெற்ற ஒருவருக்குப் பக்கவாதம் என்று கருதி ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்தார்கள். மூளை முழுவதும் ரத்தம் கசிந்து அவர் இறந்தார். டோனனெமாப் ஆய்வில் வீக்கம் வந்தவர்கள் 24 சதவீதம், அத்தகைய பாதிப்போடு தொடர்புள்ள இறப்புகள் மூன்று. வீக்கம் பெரும்பாலும் அறிகுறி காட்டாமல் தானாக வடிந்துவிடுகிறது என்பது உண்மை. எல்லோருக்கும் அப்படி வடிவதில்லை என்பதும் உண்மை.

நரம்புமுடிச்சு:
அந்த 24 ஏற்கெனவே பழைய எண்ணாகிவிட்டது. டோனனெமாபின் முதல் சில தவணைகளை இன்னும் மெதுவாக ஏற்றிப் பார்த்தார்கள். ஆறு மாத முடிவில் வீக்கம் 24 சதவீதத்திலிருந்து 14ஆகக் குறைந்தது. அமைலாய்டு ஏறக்குறைய அதே அளவு அகன்றது. 2025இல் மருந்தின் குறிப்பேடே மாற்றப்பட்டது. அடுத்து வருவது டிரான்டினெமாப். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை, இரும்பை உள்ளே கொண்டுபோகும் வாசலைப் பயன்படுத்திக் கடக்கிறது. குறைந்த அளவிலேயே வேகமாகத் துடைக்கிறது, வீக்கம் 5 சதவீதத்துக்கும் கீழ். முதல் தலைமுறை மருந்தைப் பார்த்துவிட்டுத் துறைக்கே கதவடைக்கச் சொல்கிறீர்கள்.

ஆற்றுமணல்:
கதவடைக்கச் சொல்லவில்லை. பணமும் கவனமும் ஒரே கதவில் நெரிவதைத்தான் சொல்கிறேன்.

பக்கத்துக் கதவைப் பாருங்கள். சீனாவின் கிராமப்புறத்தில் 326 ஊர்கள், ஏறக்குறைய 34,000 பேர். உயர் ரத்த அழுத்தத்தைப் பயிற்சி பெற்ற ஊர்ப்புற மருத்துவப் பணியாளர்கள் தீவிரமாகக் குறைத்தார்கள். நான்கு ஆண்டுகளில் முதுமை மறதி 15 சதவீதம் குறைந்தது. ஊர்களைக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வு, 2025இல் வெளிவந்தது. பழைய, மலிவான மாத்திரைகள். எம்.ஆர்.ஐ. வேண்டாம், மரபணுச் சோதனை வேண்டாம்.

வேல்ஸ் நாட்டு அக்கித் தடுப்பூசி இன்னும் விந்தை. 2013 செப்டம்பரில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2க்கு முன் பிறந்தவர்களுக்கு வயது கடந்துவிட்டது என்று விதி வைத்தார்கள். ஒரு வாரம் முன்னே பிறந்தவருக்கு ஊசி இல்லை, ஒரு வாரம் பின்னே பிறந்தவருக்கு உண்டு. மற்றபடி இருவருக்கும் எந்த வேறுபாடும் இல்லை. ஏழு ஆண்டு கழித்துப் பார்த்தால் ஊசி போட்டவர்களிடையே மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அமைலாய்டைத் தொடவே இல்லை.

நரம்புமுடிச்சு:
தொடவில்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த ஆய்வில் யாருடைய மூளையையும் ஸ்கேன் எடுக்கவில்லை. மருத்துவப் பதிவேட்டில் இருந்த நோயறிதல்களைத்தான் எண்ணினார்கள். மறதி நோய் என்று எண்ணப்பட்டதில் அல்சைமர் எவ்வளவு, ரத்தக்குழாய் நோய் எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

பதிவேடுகளை நம்பிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு செமக்ளூடைடே போதும். நீரிழிவுக்கு அதைப் பயன்படுத்தியவர்களுக்கு மறதி குறைவு என்று பதிவேட்டு ஆய்வுகள் ஆசை காட்டின. அதைத் தயாரிக்கும் நோவோ நார்டிஸ்க் நிறுவனம் இரண்டு பெரிய ஆய்வுகள் நடத்தியது. 2025 நவம்பரில் முடிவு: தொடக்க நிலை அல்சைமரின் வேகம் குறையவே இல்லை.

இடைவெளி:
இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். செமக்ளூடைடை வாங்குகிறவர் வாங்காதவரைவிட வசதியானவராகவோ உடல்நலத்தில் அக்கறை உள்ளவராகவோ இருப்பார். பதிவேட்டு ஆய்வு ஏமாறுவது அங்கேதான். வேல்ஸில் யாருக்கு ஊசி என்பதைப் பிறந்த தேதி முடிவு செய்தது. அக்கறை உள்ளவர் ஒரு வாரம் பிந்திப் பிறக்க ஏற்பாடு செய்துகொள்ள முடியாது. குலுக்கல் நடக்காமலே குலுக்கலுக்கு மிக அருகில் வருகிற வடிவம் அது. ஆஸ்திரேலியாவிலும் இதே போன்ற வயது வரம்பை வைத்துப் பார்த்தார்கள், அதே திசைதான் வந்தது.

ஆனால் ஆற்றுமணல், நீங்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரத்த அழுத்த ஆய்வும் தடுப்பூசி ஆய்வும் நோய் வராதவர்களிடம் செய்யப்பட்டவை. லெகானெமாப் நோய் வந்தவர்களிடம். முந்தைய இரண்டின் சதவீதத்தை எடுத்துப் பிந்தையதன் சதவீதத்தோடு மோதவிட்டால் சண்டை சுவையாக இருக்கும், பொருள் இருக்காது. செமக்ளூடைடும் நோய் வந்த பிறகுதான் தோற்றது.

நரம்புமுடிச்சு:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். அறிகுறிக்கு இருபது ஆண்டு முன்பே அமைலாய்டு படியத் தொடங்குகிறது. இப்போது ரத்தப் பரிசோதனையிலேயே பிடிக்க முடிகிறது. டௌவின் ஒரு வடிவமான பாஸ்போ டௌ 217ஐ அமைலாய்டோடு சேர்த்து அளக்கும் பரிசோதனைக்கு அமெரிக்காவில் 2025 மே மாதம் அனுமதி கிடைத்தது. பரம்பரை அல்சைமர் குடும்பங்களில், அறிகுறி வருமுன்பே கான்டனெருமாப் தொடங்கி மிக நீண்ட காலம் பெற்றவர்களுக்கு, அறிகுறி தொடங்கும் ஆபத்து ஏறக்குறைய பாதியானது.

இடைவெளி:
22 பேர். உறுதியாகச் சொல்லப் போதாத எண்ணிக்கை.

ஆற்றுமணல்:
அணையும் ஒருமுறை கட்டிப் பார்த்தாயிற்று. அறிகுறி இல்லாமல் அமைலாய்டு மட்டும் உள்ளவர்களுக்கு சோலனேசுமாப் நான்கரை ஆண்டு கொடுத்தார்கள். 2023இல் தோல்வி.

நரம்புமுடிச்சு:
சோலனேசுமாப் கரைந்து திரியும் அமைலாய்டைப் பிடிக்கும், படிந்த திட்டுகளை அகற்றாது. அந்த ஆய்வில் மருந்து பெற்றவர்களுக்கும் திட்டுகள் கூடிக்கொண்டே போயின. அகற்றாத மருந்து தோற்றதை அகற்றும் மருந்துக்கு எதிராகச் சாட்சியாக நிறுத்துகிறீர்கள்.

முற்றத்துவெயில்:
ஒரு கேள்வி. அறிகுறியே இல்லாத ஒருவருக்கு, எட்டில் ஒரு பங்கு மூளை வீக்க ஆபத்தோடு, ஆண்டுக்கணக்கில் மருந்து கொடுப்பீர்களா? அவருக்கு நோய் வராமலே போயிருக்கலாம் அல்லவா? அமைலாய்டு நிறைய இருந்தும் எழுபது வயது வரை தெளிவாக இருந்த ஒரு பெண்மணியைப் பற்றி ஆற்றுமணல் எழுதினாரே.

நரம்புமுடிச்சு:
அம்மா, ஆய்வுக்கு வெளியே இன்று கொடுக்க மாட்டேன். லெகானெமாபையும் டோனனெமாபையும் அறிகுறி இல்லாதவர்களிடம் சோதிக்கும் இரண்டு பெரிய ஆய்வுகள் நடக்கின்றன. அவற்றுக்காகக் காத்திருக்கிறேன்.

இடைவெளி:
காத்திருக்குமுன் இருவரும் இப்போதே எழுதி வையுங்கள். என்ன முடிவு வந்தால் மனம் மாறுவீர்கள்? முடிவு வந்த பிறகு ஆளுக்கொரு துணைக்குழுவைத் தோண்டி எடுப்பதை நிறையப் பார்த்துவிட்டேன். லெகானெமாபில் ஆண்களுக்கு 43 சதவீதம், பெண்களுக்கு 12 என்று வந்ததை வைத்து இரு தரப்பும் செய்த ஆரவாரம் போதும். அந்த ஆய்வு அதைத் தீர்மானிக்க வடிவமைக்கப்பட்டதே இல்லை.

நரம்புமுடிச்சு:
அறிகுறி இல்லாதவர்களிடம் அமைலாய்டு நன்றாக அகன்று, டௌவும் குறைந்து, அப்படியும் நோய் தொடங்குவது தள்ளிப்போகவில்லை என்றால் இந்த மருந்துகளுக்காகப் பரிந்து பேசுவதை நிறுத்திவிடுகிறேன். அமைலாய்டு சரியாக அகலாமல் தோற்றால் நிறுத்த மாட்டேன்.

ஆற்றுமணல்:
அந்தக் கடைசி வாக்கியம் தப்பிக்கும் வழி. சரி, என்னுடையது: மதிப்பெண் சராசரி எனக்கு வேண்டாம். நோயறிதல் வரை போனவர்களின் எண்ணிக்கை, மருந்துப்போலிக் குழுவோடு ஒப்பிட்டு, கால் பங்காவது குறைய வேண்டும். ரத்தக்கசிவால் நேர்ந்த இறப்புகளும் நிலையான ஊனங்களும் அதே அட்டவணையில், அதே எழுத்தளவில் இருக்க வேண்டும். அப்படி வந்தால் நானே இங்கே வந்து புதிய பதிவு தொடங்குகிறேன்.

இடைவெளி:
கால் பங்கு என்பதற்குக் காரணம்?

ஆற்றுமணல்:
அந்த அக்கித் தடுப்பூசி ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தது. அதைவிட ஆபத்தான ஒன்று அதைவிட அதிகமாகச் செய்து காட்ட வேண்டும்.

இடைவெளி:
சதவீதத்தை மோதவிடாதீர்கள் என்று இப்போதுதான் சொன்னேன்.

ஆற்றுமணல்:
இம்முறை இரண்டும் நோய் வராதவர்களிடம். மோதவிடலாம்.